அண்ணன் எப்போ இருப்பார்?





எங்கள் வீட்டில் பல வருடங்களாகச் சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கும் அக்கா, இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "எம்.எல்.ஏ.வைப் பார்க்கணும்னா எப்பம்மா போகணும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

இத்தனை வருடமாகப் பத்திரிகையில் இருக்கிறேன். கோட்டையில் எந்தத் துறை எந்த மாடியில் என்று கேட்டால்கூட ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனால், என் தொகுதி எம்.எல்.ஏ. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தன் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

அக்காவின் பிரச்னை சின்னதுதான். அவர் குடியிருக்கும் பகுதிக்கான ரேஷன் கடை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் எல்லாம் சேர்த்தால் இருபது கிலோவைத் தாண்டிவிடும். கேட் போட்டிருந்தால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். ஆட்டோ பிடித்தால் எண்பது ரூபாய். இலவச அரிசிக்கு எண்பது ரூபாய் வண்டிக் கூலி! அதுவும் போன அன்றைக்கே சாமான் கிடைத்தால் புண்ணியம். "கைரேகை விழலை", "பாமாயில் இன்னும் வரலை" என்றால் மறுபடி ஒரு நடை.

கேட்டுக்கு இந்தப் பக்கம் இருநூறு கார்டுக்கு மேல் தேறுமாம். வாரத்தில் இரண்டு நாள் பகுதிநேரக் கடை போட்டால் போதும். அதற்கு இடமும் இருக்கிறது. "எம்.எல்.ஏ.கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, சீக்கிரம் நடக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வாங்கப் போனார். மூன்று தடவை.

முதல் தடவை, "அண்ணன் கோட்டையில இருக்காரு." இரண்டாவது தடவை, "அண்ணன் கல்யாணத்துக்குப் போயிருக்காரு." மூன்றாவது தடவை, உதவியாளர் ஒருவர் மனுவை வாங்கிக்கொண்டு "சொல்றோம்மா" என்றிருக்கிறார். யாரிடம் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள்? அக்காவின் போன் நம்பரைக்கூட யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வீட்டுக்கு லீவு சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். ஒரு வீட்டில் அன்றைய சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். (எங்கள் வீடு இல்லை!)

நான்காவது தடவை நானும் கூடப் போனேன்.

வாசலில் கட்சிக் கொடி கட்டிய இரண்டு கார்கள். தகரக் கொட்டகைக்குக் கீழே பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். அத்தனையிலும் வெள்ளைச் சட்டைகள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் போனில் யாரையோ சத்தமாகச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். பெண்கள் நான்கைந்து பேர் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா விஷயம்?" என்று ஒரு தம்பி கேட்டார். என் விசிட்டிங் கார்டை நீட்டினேன். இரண்டே நிமிடம். "உள்ள வாங்க மேடம்." ஃபேன் போட்டார்கள். டீ வந்தது, எனக்கு மட்டும். அக்கா சுவரோரமாக நின்றார். பக்கத்து நாற்காலியை நானே இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னேன். எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

எம்.எல்.ஏ. அன்றைக்கும் இல்லை. உதவியாளர் போன் போட்டுக் கொடுத்தார். மனிதர் தன்மையாகத்தான் பேசினார். "நியாயமான கோரிக்கைதாம்மா. சனிக்கிழமை காலையில வாங்க, நான் இருப்பேன்." சொன்னபடி இருந்தார். லெட்டர் பேடில் கடிதமும் கொடுத்தார்.

அக்கா முன்பே கொடுத்திருந்த மனுவைத் தேடினார்கள். மேஜையோரத்தில் ஒரு முழ உயரத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. அந்த அடுக்குக்கு நடுவில், இரண்டு பத்திரிகைகளுக்கு இடையில் அது மடித்தபடி கிடந்தது. ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. வந்த தேதி குறிக்கப்படவில்லை, எண் போடவில்லை, ஒரு கிறுக்கல்கூட இல்லை.

திரும்பி வரும்போது அக்கா சொன்னார்: "நீங்க வந்ததாலதாம்மா வேலை நடந்துச்சு."

நன்றி சொல்வதாக நினைத்துத்தான் அவர் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஓட்டுச்சாவடி வரிசையில் நான் அவருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அவர் விரலில் வைத்த அதே மையைத்தான் என் விரலிலும் வைத்தார்கள். அங்கே யாரும் என்னிடம் விசிட்டிங் கார்டு கேட்கவில்லையே?

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை இதற்காகவே ஒதுக்கிவிட்டேன்.

கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் எப்போது போக வேண்டும்? இதை எந்த ஊர் டீக்கடையில் கேட்டாலும் பதில் வந்துவிடும். திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். பஸ் ஏறி வரும் பாட்டிக்குக்கூட அது தெரியும். வாசலிலேயே மனு எழுதித் தர ஆள் இருக்கும். கொடுத்த மனுவுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். எல்லா மனுவும் தீர்ந்துவிடுகிறதா? இல்லை. ஆறாவது தடவை, ஏழாவது தடவை வருகிறவர்கள் உண்டு. மனம் வெறுத்துப்போனவர்களும் உண்டு. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் மறந்துவிடவில்லை. இப்போது உள்ளே போகும்முன் பையையும் பாட்டிலையும் சோதிக்கிறார்கள்.

அத்தனை குறையோடும், திங்கட்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது. போகலாம், வரிசையில் நிற்கலாம். யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கலெக்டர் நாம் தேர்ந்தெடுத்தவர் இல்லை. பரீட்சை எழுதி வருகிறவர், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர். நம்மிடம் கை கூப்பி ஓட்டு வாங்கிப் போனவர் எம்.எல்.ஏ. அவருக்கு ஏன் ஒரு திங்கட்கிழமை இல்லை?

எம்.எல்.ஏ. இந்த நாளில், இந்த நேரத்தில் மக்களைச் சந்திக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. அவரவர் மனசைப் பொறுத்தது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து, வந்த புகாருக்குப் போட்டோவோடு பதில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெயித்த பிறகு பக்கத்து மாவட்டத்துக்கே குடிபோய்விட்டவர்களும் இருக்கிறார்கள். நமக்கு யார் வாய்க்கிறார் என்பது லாட்டரிதான்.

காமராஜர் காலத்தையும் கக்கன் காலத்தையும் சொல்லிப் பெருமூச்சு விட நான் வரவில்லை. அதை மேடையில் நிறையப் பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். வேண்டுமானால் ஒரு கணக்குப் பார்க்கலாம்.

தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு 234 உறுப்பினர்கள் என்பது 1967 தேர்தலில் வந்த எண்ணிக்கை. அதை ஒட்டி, 1971-ல் எடுத்த கணக்குப்படி மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 4 கோடி. 2011 கணக்கெடுப்பில் 7 கோடியே 21 லட்சம். எம்.எல்.ஏ.க்கள் அதே 234 பேர். 2021 தேர்தலில் சோழிங்கநல்லூர் தொகுதியில் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் அவர் ராத்திரி பகல் உட்கார்ந்தாலும் ஒரு வருடம் ஓடிவிடும்!

ஆக, கூட்டம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் பாதி அவரிடம் வந்திருக்கவே வேண்டியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவிளக்கு எரியாததும் குப்பை வண்டி வராததும் கவுன்சிலர் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் கவுன்சிலர் இருந்தால்தானே? 2016 அக்டோபரில் நகராட்சி, மாநகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் சென்னை மாதிரி ஒரு பெருநகரத்தில் வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை! அந்த ஐந்து வருடமும் சாக்கடை அடைத்துக்கொண்டால் எம்.எல்.ஏ. வீட்டுக் கதவுதான். கிராமங்களிலும் இதே கதைதான். பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கீழே ஒரு கதவைச் சாத்தினால் மேலே இருக்கும் கதவில்தானே கூட்டம் சேரும்?

இப்போது அந்தக் கல்யாணப் பத்திரிகை அடுக்குக்கு வருகிறேன். நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டாமா?

எம்.எல்.ஏ.க்களின் முகூர்த்த நாளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? விடியற்காலை ஐந்து மணிக்கே கார் கிளம்பிவிடும். முன் சீட்டில் உதவியாளர், மடியில் பத்திரிகைக் கட்டு, கையில் மொய்க்கவர்கள். இந்த மண்டபத்தில் நாலு நிமிடம், அந்த மண்டபத்தில் மூன்று நிமிடம். மேடை ஏறு, அட்சதை போடு, கேமராவைப் பார், இறங்கு. சாப்பிடாமல் போனால் பெண் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். எல்லா இடத்திலும் சாப்பிட்டால் அவர் என்ன ஆவது? நடுவில் ஒரு துக்க வீடு. கார் டிக்கியில் மாலை எப்போதும் தயாராக இருக்கும். மத்தியானம் ஒரு காதுகுத்து, சாயங்காலம் புதுமனைப் புகுவிழா, ராத்திரி கோயில் திருவிழா.

போகாமல் இருந்தால்? "ஓட்டுக் கேக்க மட்டும் வரத் தெரியுது, எங்கப்பா சாவுக்கு எட்டிப் பார்த்தானா?" இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர்கள் நடுங்குகிறார்கள். சட்டமன்றத்தில் நம் தொகுதிக்காக எத்தனை கேள்வி கேட்டார் என்று நம்மில் யாராவது கணக்கு வைத்திருக்கிறோமா? யார் வீட்டுச் சாவுக்கு வந்தார், யார் வீட்டுக்கு வரவில்லை என்ற கணக்கு மட்டும் தெருவுக்கே மனப்பாடம்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நாங்களும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து எம்.எல்.ஏ.வுக்குப் பத்திரிகை வைத்தோம். வந்தார். நாலு நிமிடம் இருந்தார். ஆல்பத்தில் மூன்றாவது பக்கத்திலேயே அந்த போட்டோ. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினோம். அந்த நாலு நிமிடத்தில், அவருடைய அலுவலக வாசலில் ஏதோ ஓர் அக்காவிடம் யாரோ சொல்லியிருப்பார்கள்: "அண்ணன் கல்யாணத்துக்குப் போயிருக்காரு."

இது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, எம்.எல்.ஏ.வைப் பார்த்து என்னதான் ஆகப்போகிறது என்று சிலர் கேட்பீர்கள். நிறைய ஆகும்.

தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒவ்வொரு தொகுதிக்கும் வருடத்துக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டம் தமிழகத்தில் உண்டு. பணம் எம்.எல்.ஏ. கைக்கு வராது. எந்த ஊருக்கு என்ன வேலை என்று அவர் பரிந்துரை செய்வார், மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்துச் செய்யும். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, மயானத்துக்குக் கொட்டகை என்று எத்தனையோ அதில் நடக்கிறது. பஸ் நிறுத்த நிழற்குடைகளும்தான். அதில் ஊர்ப் பெயரைவிட எம்.எல்.ஏ. பெயர் பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். அந்தப் பரிந்துரைப் பட்டியலில் எது ஏறுகிறது? யார் பக்கத்தில் நின்று காதில் சொல்கிறார்களோ, அவர்கள் சொன்னது. உங்கள் பகுதி அங்கன்வாடியில் மழைக்கு ஒழுகுகிறது என்பதை நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால், கான்ட்ராக்டர் போய் வேறு எதையாவது சொல்வார்.

எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்கலாம். நம் வாசகிகளில் யாராவது செய்து பார்த்திருந்தால் அனுபவத்தை எழுதுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஆதாரில் முகவரி மாற்றுவது பெரிய தலைவலி. கரன்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், கேஸ் புத்தகம் பழைய முகவரியில் இருக்கும். ஆதாருக்கென்று உள்ள சான்றிதழ் படிவத்தில், போட்டோ ஒட்டி எம்.எல்.ஏ. கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் போனால் முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு கையெழுத்துதான். அது கிடைக்காமல் பள்ளிக்கூட அட்மிஷனும் ரேஷன் கார்டும் மாதக்கணக்கில் நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இது தவிர, சட்டமன்றத்துக்கென்றே ஒரு மனுக்கள் குழு இருப்பது உங்களுக்குத் தெரியுமா? மாவட்டங்களுக்குக் குழு வரும்போது, மனு அனுப்பச் சொல்லி பேப்பரில் அறிவிப்பு வரும். 'தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009' என்று முகவரி. பல வருடங்களாகத் தீராமல் கிடக்கும் பொதுப் பிரச்னையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்னை, ஒரே துறை. தனிப்பட்ட குறை, கோர்ட்டில் இருக்கும் வழக்கு, வேலை கேட்பது, முதியோர் ஓய்வூதியம், பட்டா, கடன் இதெல்லாம் அங்கே செல்லாது. அறிவிப்பைப் படித்தபோது, 'நம் வீட்டுப் பிரச்னையில் பாதியை இங்கேயே கழித்துவிட்டார்களே' என்று சிரித்துக்கொண்டேன். ஆனாலும் ஊருக்குப் பாலம் வேண்டும், பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்பதற்கு நல்ல வழி. மகளிர் சுய உதவிக் குழுக்கள் நினைத்தால் ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதிவிடலாம்.

எம்.எல்.ஏ.வுக்கு வருகிற மாதச் சம்பளம், படிகள் எல்லாம் சேர்த்து 2017-ல் 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. பொறாமையில் சொல்லவில்லை. ஊர் ஊராகச் சுற்றும் வேலைக்கு அது ஆகத்தான் செய்யும். அந்தத் தொகையில் போனுக்கு ஒரு படி, தபாலுக்கு ஒரு படி, தொகுதிக்கு ஒரு படி என்று தனித்தனியாக இருக்கிறது. போனை எடுக்கவும் கடிதத்துக்குப் பதில் போடவும் நாம்தான் பணம் கொடுக்கிறோம் என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

அந்த வேப்ப மரத்தடிப் பெண்கள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள்தான் அதிகம். 2021 தேர்தலில் ஜெயித்து வந்த பெண் எம்.எல்.ஏ.க்கள், 234-ல் 12 பேர். தண்ணீர், ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எம்.எல்.ஏ.விடம் போக வேண்டிய பிரச்னையெல்லாம் முதலில் வந்து நிற்பது வீட்டுப் பெண்களிடம். ஆனால் அந்த அலுவலகத்துக்குள் நுழைய நமக்கு ஒரு கூச்சம். யார் யாரோ ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது, என்ன கட்சி என்று கேட்பார்களோ என்று. அதனால் கணவரை அனுப்புகிறோம், அல்லது தெருவில் கட்சிக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லி அனுப்புகிறோம். அவர் ஒரு வட்டச் செயலாளரிடம் சொல்வார். அவர் உதவியாளரிடம் சொல்வார். தண்ணீர் வரவில்லை என்று நாம் சொன்னது, மூன்று காது தாண்டிப் போய்ச் சேரும்போது என்னவாக இருக்குமோ!

இன்னொரு தயக்கமும் உண்டு. 'நாம அவருக்கு ஓட்டுப் போடலையே, எந்த முகத்தோட போறது?' போன வாரம் என் தோழியே இப்படிக் கேட்டாள். நல்ல கூத்து! ஜெயித்துப் பதவி ஏற்ற அன்றைக்கே அவர் உனக்கும் எம்.எல்.ஏ. ஆகிவிட்டாரடி என்றேன். நம்பாத மாதிரி பார்த்தாள்.

வெளிநாட்டில் எப்படி என்று பாருங்கள். இங்கிலாந்தில் எம்.பி.க்கள் தொகுதி மக்களைச் சந்திக்கும் நாளுக்கு 'சர்ஜரி' என்று பெயர். அறுவை சிகிச்சை இல்லை, பயப்படாதீர்கள். அங்கே டாக்டரின் கன்சல்டிங் அறையை அப்படிச் சொல்வார்கள், அதிலிருந்து வந்த பேச்சு. நோயாளி டாக்டரைப் பார்க்கப் போகிற மாதிரி, பெரும்பாலும் வெள்ளி, சனியில் போய்ப் பார்க்கலாம். 2021-ல் டேவிட் அமெஸ் என்ற எம்.பி. அப்படி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். அதன் பிறகு பாதுகாப்பைக் கூட்டினார்கள். அந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிடவில்லை. 'பாதுகாப்புப் பிரச்னை' என்று நம் ஊரில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகத்துக்கு வரும்.

நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அலுவலக வாசலில் ஒரு போர்டு. என்ன கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அவர் இல்லாவிட்டால் யார் இருப்பார், எந்த எண்ணில் பேசலாம். சட்டமன்றம் நடக்கும் நாளில் வர முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். உள்ளே ஒரு நோட்டு, வருகிற மனுவுக்கு ஓர் எண். வேப்ப மரத்தடியில் இரண்டு பெஞ்ச். முடிந்தால் ஒரு தண்ணீர்க் கேன்.

இதற்கு எவ்வளவு ஆகிவிடும்? ஒரு பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் பேனர் அளவுக்குக்கூட ஆகாது.

நம் பக்கமும் சில வேலை இருக்கிறது. போகும்போது பேப்பரோடு போங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஒரே ஒரு விஷயம். பெயர், முகவரி, போன் நம்பரைத் தெளிவாக எழுதுங்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் அதில், 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் தேதியும் கேளுங்கள். அக்கா கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தெருவில் நாலு பெண்கள் சேர்ந்து போங்கள். நாலு பேரை நிற்க வைத்துப் பேச யாருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

அடுத்த கல்யாணத்துக்கு எம்.எல்.ஏ.வுக்குப் பத்திரிகை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிப்பதாக நானும் எங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறேன். என் அண்ணன் சம்மதிக்கவில்லை. "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் வேண்டாமா?" என்கிறார். அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

எழுதும்போதே ஒன்று ஞாபகம் வருகிறது. தேர்தல் தேதி அறிவித்தவுடன் எம்.எல்.ஏ. அலுவலகங்களையெல்லாம் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள், நடத்தை விதிமுறை. அலுவலகம் பூட்டிக் கிடக்கும் அந்த மாதத்தில்தான் அவர்கள் நம் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஆரத்தி எடுக்கிறோம், சால்வை போடுகிறோம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். அந்த நேரத்தில் வேறு எதுவும் கேட்க வேண்டாம். "ஜெயிச்சா எந்தக் கிழமை ஆபீஸ்ல இருப்பீங்க?" என்று மட்டும் கேளுங்களேன். கூட வருகிறவர்கள் மத்தியில், மைக் இருக்கும்போதே கேளுங்கள்.

அக்காவின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடிதம் போயிருக்கிறது. ஒருவர் வந்து இடத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கடை இன்னும் வரவில்லை. போன சனிக்கிழமை அக்கா தனியாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்களாம். டீ வரவில்லையாம்!

உங்களிடம் ஓர் உதவி. இந்த மாதம் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகப் பக்கம் போக நேர்ந்தால் வாசலை ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். கிழமையும் நேரமும் எழுதிய போர்டு இருந்தால், எழுத்து தெரிகிற மாதிரி எடுங்கள், அடுத்த இதழில் பெரிதாகப் போடுகிறேன். போர்டு இல்லையென்றால் வெறும் கதவை எடுங்கள். கதவு பூட்டியிருந்தால், பூட்டோடு.

அன்புடன்,
ஆசிரியர்